தாயுமானவரின் மௌனமும் பிறர்நெறி மதிப்பும்: ‘புகுதல்’ என்னும் வினையை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தாயுமானவர் பாடல்களில் மன அமைதியும் பிறர் நெறிக்கு அளிக்கப்படும் மதிப்பும் பெரும்பாலும் தனித்தனித் தலைப்புகளில் ஆராயப்பட்டு வந்துள்ளன. இவ்விரண்டும் வாதத்தைத் துறத்தல் என்னும் ஒரே செயலின் இரு முகங்கள் என்பதைச் சித்தர் கணம், கல்லாலின், காடும் கரையும், கருணாகரக் கடவுள் ஆகிய பகுதிகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. அம்மதிப்பு எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதையும், அவ்விடத்தை ஆய்வுகள் எவ்வாறு கடந்து செல்கின்றன என்பதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: தாயுமானவர், மௌனம், சமரசம், வாதம், புகுதல், மாதரைப் பழித்தல்.

முன்னுரை

தாயுமானவர் பற்றிய ஆய்வேடுகளின் பொருளடக்கத்தைப் புரட்டுவோர் ‘மௌனம்’ என்று ஓர் இயலையும் ‘சமய நல்லிணக்கம்’ என்று மற்றோர் இயலையும் காண்பர். முதலாவதில் மனத்தை அடக்கும் முறை பேசப்படும். யோகமும் குருவருளும் அதில் இடம்பெறும். இரண்டாவதில் வேதாந்த சித்தாந்த சமரசம், எல்லாச் சமயங்களும் ஒன்றே என்னும் கருத்து, எல்லா உயிரும் இன்புற வேண்டும் என்னும் பராபரக்கண்ணியின் வேட்கை ஆகியன தொகுத்துரைக்கப்படும். இவ்விரு இயல்களுக்கும் இடையே என்ன உறவு என்னும் வினா எழுவதில்லை. எழுந்தால், உள்ளம் அமைதியுற்றவன் பிறரையும் மதிப்பான் என்ற பொதுவான விடையோடு அது முடிந்துவிடும்.

இந்த விடை பாடல்களிலிருந்து பெறப்பட்டதன்று என்பதே இக்கட்டுரையின் தொடக்கம். தாயுமானவரிடத்து வரிசை இதற்கு நேர்மாறானது. பிறரை வென்றாக வேண்டும் என்னும் வேட்கை தீராதவரை உள்ளம் அடங்குவதில்லை என்பதை அவர் தம்மையே சான்றாக நிறுத்திக் காட்டுகிறார். பிறர் நெறியை மதித்தல் அமைதியின் பயனாக வருவதன்று. அமைதிக்குரிய நிபந்தனையாக முன்னே நிற்பது.

‘இந்து சமயம்’ என்னும் இன்றைய பொதுப்பெயரை வைத்து இப்பாடல்கள் பேசுவதில்லை என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். வேதாந்தம், சித்தாந்தம், சைவம், பிற சமய நெறிகள் எனப் பிரிந்து நின்று ஒன்றையொன்று மறுத்த சூழலே இவற்றின் களம். ஒரு குடைக்கீழ் இருப்போர் தமக்குள் காட்டும் பெருந்தன்மையாக மட்டும் அவர் கூறும் சமரசத்தை வாசித்தால் அதன் கூர்மை மழுங்கிவிடும்.

வழக்கும் வழக்காடுவோரும்

மரபு வரலாற்றின்படி தாயுமானவர் திருச்சிராப்பள்ளியில் விசயரங்க சொக்கநாத நாயக்கரின் (1706–1732) அரசில் பணிபுரிந்தவர். தந்தையார் கேடிலியப்ப பிள்ளையும் அவ்வரசின் அலுவலர். கணக்கும் முறைமன்றமும் அறிந்த குடும்பம். இப்பின்னணியை அளவுக்கு மீறிப் பயன்படுத்தலாகாது. எனினும் தொகுப்பின் முதற்பகுதியாகிய திருவருள் விலாசப் பரசிவ வணக்கத்தின் முதற்பாடலிலேயே ‘வழக்கு’ என்னும் சொல் வந்து நிற்பது கவனத்திற்குரியது. எண்ணிறந்த சமயங்கள் பரம்பொருளைத் தம் உடைமை என்று உரிமை கோரி எதிரெதிராக நிற்க, அப்பொருளோ எவர் பக்கமும் சாயாமல் நிலைபெற்றிருக்கிறது என்பது அப்பாடல் தரும் காட்சி. வழக்கிடுதல் என்பது பொதுவாக வாதிடுதலையும் குறிக்கும். ஆயினும் உரிமை கோரல் என்னும் சட்டப்பொருளை இங்கிருந்து முற்றாக நீக்க இயலாது. இருவர் வழக்காடும் நிலம் அவ்விருவரையும் அறியாது கிடப்பதைப்போலப் பரம்பொருள் கிடக்கிறது.

வழக்காடுவோர் யாவர் என்னும் வினாவுக்கு விடை சித்தர் கணத்தின் நிறைவுப் பாடலில் உள்ளது. தாயுமானவரின் பாடல்களுள் இதுவே மிக நேர்மையானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. கல்லாதவர்களே நல்லவர்கள் என்று தொடங்கி, கற்றும் அறிவு பெறாத தம் வினையை அவர் நொந்துகொள்கிறார். ஞானமே சிறந்தது என்று ஒருவர் உரைத்தால் கன்மமே சிறந்தது என்று நிறுவுவாராம். கன்மத்தை ஒருவர் நிறுவ முற்பட்டால் ஞானத்தின் பக்கம் தாவிவிடுவாராம். வடமொழி வல்லார் வந்தால் தமிழிலேயே எல்லாம் உண்டு என்று வாதிடுவாராம். தமிழ் அறிஞர் வந்தாலோ வடமொழித் தொடர்கள் சிலவற்றை எடுத்துவிடுவாராம். எவரையும் மெய்யாக வெல்லாமல் மருட்சியுறச் செய்யும் இந்த வித்தை வீடுபேற்றைத் தருமா என்பது இறுதியில் அவர் எழுப்பும் வினா.

இப்பாடலைக் கல்வியைப் பழிக்கும் பாடலாக எளிதில் வகைப்படுத்திவிடுகிறோம். அவ்வாறு கொள்வது பொருந்தாது. அவர் எடுத்துக்காட்டும் நான்கு நிலைகளிலும் அவருடைய கருத்து எது என்பது சொல்லப்படவில்லை. எதிரே நிற்பவர் எதைச் சொல்கிறாரோ அதற்கு எதிரானதே அவர் கருத்து. ஆகவே அவருடைய நிலைப்பாட்டைத் தீர்மானிப்பது எதிராளியே. எதிராளியை அவமதிக்கத் தொடங்கிய ஒருவர் தமக்கென்று ஒரு நிலையே இல்லாதவராகி, வருவோர் போவோருக்கேற்பத் திரும்பும் காற்றாடியாகிவிடுகிறார். மனம் அலைகிறது என்று பொதுவாகச் சொல்லும் பிற புலவர்களிடமிருந்து தாயுமானவர் இங்குதான் வேறுபடுகிறார். மனம் எதனால் அலைகிறது என்பதற்கு அவர் தரும் விடை ஐம்புல ஆசை மட்டுமன்று. கற்றவனின் வெற்றி வேட்கையும் அதில் அடங்கும்.

இவ்விடத்தில் தேஜோமயானந்தப் பகுதியை இணைத்துப் பார்த்தல் தகும். மதயானையை வசப்படுத்தலாம், கரடி புலிகளின் வாயைக் கட்டலாம் என அருஞ்செயல்கள் பலவற்றை அடுக்கிய பின், மனத்தை அடக்கிச் சும்மா இருக்கும் திறமே அரிது என்று முடியும் பாடல் யாவரும் அறிந்தது. அடுக்கப்பட்டவை யாவும் வெல்லும் செயல்கள். ஒன்றை அடக்குவது, ஒன்றின் மேல் ஏறுவது, ஒன்றைத் தனக்கு ஏவல் செய்ய வைப்பது. சும்மா இருத்தல் அப்பட்டியலில் மேலும் கடினமான ஒரு வெற்றியாகச் சேரவில்லை. வெல்லுதல் என்னும் வகையிலிருந்தே அது விலகி நிற்கிறது. எனவேதான் யானையை அடக்கியவனுக்கும் அது கைகூடுவதில்லை.

‘சும்மா இரு’ என்னும் உபதேசம் தாயுமானவருக்கு முன்பே அருணகிரிநாதரின் கந்தர் அநுபூதியில் உள்ளது. அங்கே அது சொல் அற்றுப்போதலோடு சேர்ந்து வருகிறது. தாயுமானவர் தம் மௌனகுருவிடமிருந்து பெற்றதாகப் போற்றும் மௌனத்தையும் இத்தொடர்ச்சியில் வைத்துக் காணலாம். அறவேண்டிய சொல் எது என்பதைச் சித்தர் கணப் பாடல் அடையாளம் காட்டுகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைப் பாடியவர் எல்லாச் சொல்லையும் விட்டொழித்தவராக இருக்க முடியாது. அவர் விடத் துடிப்பது மறுப்புச் சொல்லை.

அக்காலச் சைவச் சூழலை நோக்கினால் இந்தத் துடிப்பின் பொருத்தம் விளங்கும். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வாழ்ந்த சிவஞான முனிவர் மறுப்பும் கண்டனமுமாகப் பல நூல்களை இயற்றினார். அவற்றுள் ஒன்று ‘எடுத்து’ என்னும் ஒரேயொரு சொல்லின் பொருளைப் பற்றியது. தர்க்கக் கூர்மையில் அவருக்கு நிகரானோர் சிலரே. அப்புலமையைக் குறைத்து மதிப்பிடுவது இங்கு நோக்கமன்று. ஒரு சொல்லுக்காக ஒரு நூல் எழுதப்பட்ட நூற்றாண்டில்தான், எவரையும் மருட்டும் இந்த வித்தை எனக்கு எதைத் தரும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார் என்பதையே சுட்டவேண்டியுள்ளது.

கடல் எது?

கல்லாலின் என்னும் பகுதியில் ஒரு பாடல் உண்டு. வேறுபட்டு நிற்கும் சமயங்கள் எல்லாவற்றினுள்ளும் புகுந்து பார்த்தால் பரம்பொருளின் விளையாட்டு அன்றி முரண்பட்ட கருத்து ஏதும் இல்லை. முடிவில் அவை ஆறுகள் கடலில் சேர்வதுபோல மௌனமாகிய கடலில் சேர்கின்றன என்பது அதன் கருத்து. சமய நல்லிணக்கம் பற்றிய கட்டுரைகளில் இது தவறாமல் இடம்பெறும்.

ஆறும் கடலும் பழைய உவமை. முண்டக உபநிடதத்தில் ஆறுகள் பெயரும் வடிவும் நீங்கிக் கடலில் மறைவதுபோல ஞானி பரம்புருடனை அடைகிறான். அங்கே ஆறு என்பது தனி உயிர். சிவமகிம்ந தோத்திரத்தில் பல நெறிகளில் செல்லும் மாந்தர்க்கெல்லாம், நீருக்குக் கடல்போல, நீ ஒருவனே சேரிடம் என்று சிவன் போற்றப்படுகிறான். 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோவில் விவேகானந்தர் எடுத்துரைத்த சுலோகம் அதுவே. அங்கே கடல் என்பது இறைவன்.

தாயுமானவரிடத்துக் கடல் மௌனம். இம்மாற்றம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் விளைவு பெரிது. எல்லா ஆறும் சிவனாகிய கடலைச் சேரும் என்று சொல்லும்போது, பிற நெறியாளர் தாம் அறியாமலே என் கடவுளை நோக்கி வந்துகொண்டிருக்கிறார்கள் என்னும் பொருளும் உடன் வந்துவிடுகிறது. மதிப்பைப்போல் தோன்றும் அக்கூற்றில் மேன்மை உணர்வும் கலந்திருக்கிறது. மௌனக் கடலில் சேரும் என்று சொல்லும்போது, அக்கடலில் என் ஆற்றுக்கும் பெயர் இல்லை. என் வாதமும் அங்கே கரையத்தான் வேண்டும். பகுதியின் பெயரும் இதற்குத் துணைநிற்கிறது. கல்லால மரத்தின் கீழ் நால்வருக்குப் பேசாமல் பேசி ஐயம் நீக்கிய தட்சிணாமூர்த்தியை நினைவூட்டும் பெயர் அது. ஐயம் தீர்ந்தது மறுமொழியால் அன்று.

இங்கே வினைச்சொல்லையும் நோக்க வேண்டும். சமயங்களைப் ‘பார்த்தால்’ என்று மட்டும் அவர் சொல்லவில்லை. ‘புகுந்து’ பார்த்தால் என்கிறார். கரையில் நின்று எல்லா ஆறும் ஒன்றே என்று அறிவிப்பவருக்கு இப்பாடல் இடம் தருவதில்லை. நீரில் இறங்கியவருக்கே அது தெரியும். இறங்காமல் சொல்லப்படும் ‘எல்லாம் ஒன்றே’ என்பது பல வேளைகளில், பிறர் நெறியைக் கற்கும் உழைப்பிலிருந்து தப்பிப்பதற்கான வழியாகவே அமைந்துவிடுகிறது. நம் கருத்தரங்குகளில் இதற்குப் பஞ்சமில்லை.

புகுதலும் புகாமையும்

ஆனால் இதே வினை மற்றோரிடத்தில் எதிர்மறையாக வருகிறது. காடும் கரையும் என்னும் பகுதியில், சமயம் எனத் தக்கது சைவம் ஒன்றே என்றும், சமயங்களைக் கடந்த பழம்பொருளை மன்றிலுள்ள வெளியால் காட்டுவது அதுவே என்றும், பொய்யில் உழலும் பிற நெறிகளில் புக வேண்டா என்றும் உலகத்தாரை அழைத்துப் பாடுகிறார். ஓரிடத்தில் எல்லாவற்றினுள்ளும் புகுந்து பார் என்றவர் இன்னோரிடத்தில் புகாதே என்கிறார்.

இவ்விரு பாடல்களும் ஒரே கட்டுரையில் அருகருகே வைக்கப்படுவது அரிது. நல்லிணக்கத்தைப் பேசுவோர் முதற்பாடலை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுவர்; சைவத்தின் தனிச்சிறப்பைப் பேசுவோர் இரண்டாவதை எடுத்துக்கொண்டு முதலாவதை விட்டுவிடுவர். இக்கட்டுரையாளர் முதுநிலைப் பட்டப்படிப்பின்போது எழுதிய முதல் கருத்தரங்கக் கட்டுரையிலும் காடும் கரையும் பாடல் இடம்பெறவில்லை. அது தெரியாமல் நேர்ந்ததன்று. குறிப்பேட்டில் படியெடுத்திருந்த பாடல், கட்டுரையின் ஓட்டத்துக்கு இடையூறாக இருந்ததால் நீக்கப்பட்டது. அதற்காகக் கிடைத்த கைதட்டலில் சித்தர் கணப் பாடலின் அந்த மருட்டும் வித்தை இருந்தது என்பதைப் பின்னரே உணர நேர்ந்தது.

முரணை நீக்கச் சில வழிகள் உண்டு. காலமுறையைக் கற்பித்து, இளமையில் சைவப் பற்றும் முதிர்ச்சியில் சமரசமும் பாடினார் எனலாம். பாடல்களின் கால வரிசையை உறுதிசெய்யச் சான்றில்லாததால் அது ஊகமாகவே நிற்கும். சைவம் என்னும் சொல்லுக்கு இங்கே பொதுப்பொருள் கொள்ளலாம். தில்லை மன்றைத் தெளிவாகச் சுட்டும் பாடலில் அப்பொருள் ஒட்டாது. இக்கட்டுரை முரணை நீக்க விரும்பவில்லை. அவர் சைவத்தை உயர்த்தக் காட்டும் காரணத்தை மட்டும் கவனிக்கலாம். சமயத்தைக் கடந்த ஒன்றைச் சமயத்துக்குள்ளிருந்தே, அதுவும் வெறும் வெளியாகக் காட்டுகிறது என்பதே அச்சிறப்பு. தில்லையில் திரையை விலக்கினால் உருவம் இல்லை, வெளியே உள்ளது. தன்னைத் தாண்டிச் சுட்டுவதால் தன் நெறியை அவர் போற்றுகிறார். ஆயினும் ‘பொய்’ என்னும் சொல்லை அவர் பிறர் நெறிக்கு இட்டது இட்டதுதான். உரை எழுதி அதை அழிக்க முடியாது.

சித்தர் கணப் பாடலின் துணையோடு இதை வேறு வகையில் அணுகலாம். பக்கம் சாராத ஒருவர் சமரசம் பேசுவதில் அருமை ஏதுமில்லை. தாயுமானவர் பக்கம் சார்ந்தவர். வாதத்தின் சுவையை அறிந்தவர். அச்சுவை தம்மை என்ன செய்தது என்பதையும் கண்டவர். சமரச நிலை பெற்றவர்களாகச் சித்தர்களை விளிக்கிறாரே அன்றி, அந்நிலையைத் தாம் பெற்றுவிட்டதாக அப்பாடலில் அவர் கூறவில்லை. அவரைச் ‘சமரச ஞானி’ என்று எழுதும்போது, அவர் எட்டி நின்று ஏங்கிய ஒன்றை அவருடைய சொத்தாக்கிவிடுகிறோம்.

பறிக்கப்படாத மலர்

கருணாகரக் கடவுள் பகுதியில் வழிபாடே தடைப்பட்டு நிற்கும் ஒரு பாடல் உண்டு. ஒரு வடிவில் வைத்துப் பூசிக்கலாம் என்று மலரை நோக்கினால் அம்மலருக்குள்ளும் இறைவன் இருக்கிறான். பனி தோய்ந்த அதைப் பறிக்க மனம் வரவில்லை. கைகுவித்து வணங்கலாம் என்றாலோ, வணங்குபவரின் உள்ளத்திலும் அவனே நிற்பதால் அவ்வணக்கம் பாதி வணக்கமாகிவிடுகிறது. அதனால் நாணம் வருகிறது. பிறிதொன்றை மதித்தல் என்பதற்குத் தமிழில் இதைவிட நுண்மையான காட்சி உண்டா என்பது ஐயமே. பக்தி தன் கடமையைச் செய்யக் கை நீட்டுகிறது. எதிரே உள்ள பொருளின் மேன்மை அக்கையை நிறுத்துகிறது. இங்கே அமைதி என்பது நீட்டிய கை நின்றுபோன அந்தக் கணமே. கொல்லாமை உலகெங்கும் ஓங்க வேண்டும் என்று பராபரக்கண்ணியில் அவர் வேண்டுவதன் வேரும் இதில் இருக்கிறது.

இப்பாடலை மனத்திற் கொண்டு எந்நாட்கண்ணியைப் படிக்கும்போது ஒரு தலைப்பில் தடுமாற நேர்கிறது. அச்சுப் பதிப்புகளில் யாக்கையைப் பழித்தலை அடுத்து ‘மாதரைப் பழித்தல்’ என்னும் பிரிவு வருகிறது. பெண்ணின் உடலுறுப்புகளையும் பேச்சையும் நகையையும் மயக்கும் வலையாகக் காட்டி, அதிலிருந்து தப்பும் நாள் எந்நாள் என்று கேட்கும் கண்ணிகள் அவை. மலருக்குள் இருந்தவன் இங்கே இல்லை.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் தெரிந்தவையே. பட்டினத்தார், அருணகிரிநாதர் முதலியோரிடமும் காணப்படும் மரபு இது என்பர். துறவிலக்கியத்தின் வாய்பாடு என்பர். பழிக்கப்படுவது பெண் அல்லள், பாடுபவரின் ஆசையே என்பர். மரபு என்பது உண்மை. ஆனால் ஆசையைப் பழிப்பது எவ்வாறு என்பதைச் சித்தர் கணத்தில் அவரே காட்டியிருக்கிறார். அங்கே வடமொழி வல்லாரையோ தமிழறிஞரையோ அவர் பழிக்கவில்லை. தம் மனத்தை அலைத்தவர்கள் என்று அவர்கள்மேல் குற்றம் சுமத்தவில்லை. குற்றம் தம் வித்தையின் மேலது என்றார். அந்த நேர்மை எந்நாட்கண்ணியின் இப்பிரிவில் இல்லை. தம் உள்ளத்தின் அலைவுக்கு எதிரே உள்ளவரின் உடலைப் பொறுப்பாக்கும் வழி இது. தாயுமானவரைத் தாயுமானவராலேயே அளந்தால் கிடைக்கும் முடிவு இது. இக்காலக் கொள்கை எதையும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை.

இப்பழிப்பு பாடல்களோடு நின்றுவிடவும் இல்லை. அரசர் மறைந்தபின் அரசி மீனாட்சி இவர்மேல் விருப்பம் கொண்டார் என்றும், அதனால் இவர் திருச்சிராப்பள்ளியை விட்டு நீங்கினார் என்றும் ஒரு கதை வரலாற்றுச் சுருக்கங்களில் தொடர்ந்து எழுதப்படுகிறது. இதை எழுதுவோர் பாடல்களிலிருந்து அகச்சான்று எதையும் காட்டுவதில்லை. அரசி மீனாட்சி கற்பனைப் பாத்திரம் அல்லர். 1732இல் ஆட்சிப் பொறுப்பை ஏற்று, உட்பகையோடும் ஆர்க்காட்டுப் படையோடும் போராடி, இறுதியில் சந்தா சாகிபிடம் அரசை இழந்தவர். மதுரை நாயக்க மரபின் கடைசி ஆட்சியாளர். ஒருவரின் துறவுக்கு ஒளி கூட்டுவதற்காக மற்றொருவரின் வாழ்க்கை இரண்டு வரியில் இழிவுபடுத்தப்படுகிறது. பிறரை மதித்தல் பற்றிய இயலைத் தொடங்கும் ஆய்வேட்டில், அதற்கு முந்தைய ‘ஆசிரியர் வரலாறு’ பகுதியில் இக்கதை ‘என்பர்’ என்னும் ஒரு சொல்லின் பாதுகாப்பில் அமர்ந்திருப்பதைக் காணலாம்.

இக்கட்டுரையாளரின் ஆய்வேட்டில் ‘மௌனம்’, ‘சமய நல்லிணக்கம்’ எனத் தனித்திருந்த இரண்டு இயல்கள் இப்போது ஒன்றாக்கப்பட்டுள்ளன. கல்லாலின் பாடலுக்கு எதிர்ப்பக்கத்தில் காடும் கரையும் பாடலும், கருணாகரக் கடவுள் பாடலுக்கு எதிர்ப்பக்கத்தில் எந்நாட்கண்ணியின் அப்பிரிவும் அச்சிடப்படும். வாய்மொழித் தேர்வில் இதை மறுப்போர் இருக்கக்கூடும். அவர்கள் எதைச் சொல்கிறார்களோ அதற்கு எதிரானதைச் சொல்லும் ஆசை எழும்போது பார்த்துக்கொள்வதற்காகச் சித்தர் கணத்தின் நிறைவுப் பாடல் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைக்கப்பட்டுள்ளது.